குடிக்கிற சர்க்கரை

(மாவட்ட நூலகம் ஒன்றில் பொதுமக்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2017ஆம் ஆண்டு தை மாதம் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட கூட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே எழுந்த பல முழக்கங்களில் ஒன்று வெளிநாட்டுக் குளிர்பானங்களுக்கு எதிரானது. தாமிரபரணித் தண்ணீர் பாட்டிலுக்குப் போகிறது என்ற கோபம் திருநெல்வேலிப் பக்கம் அதற்கு முன்பே கனன்றுகொண்டிருந்தது. வணிகர் சங்கங்கள் அதைக் கையில் எடுத்து, மார்ச் 1ஆம் தேதி முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. பல கடைகளில் ஃபிரிட்ஜ் காலியானது. காலியான இடத்துக்குப் பொவண்டோ வந்தது, பன்னீர் சோடா வந்தது. விருதுநகரில் 1916இல் தொடங்கிய, பொவண்டோ தயாரிக்கும் காளிமார்க் கம்பெனியை இளைஞர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலக் கொண்டாடினார்கள்.

உள்ளூர் முதலாளி பிழைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் பார்ப்பது மருத்துவத் தொழில். பாட்டில் மாறியது, உள்ளே இருந்த சர்க்கரை மாறவில்லை. கணையத்துக்குத் தேசப்பற்று கிடையாது. சென்னையில் நிரப்பினாலும் அட்லாண்டாவில் நிரப்பினாலும் ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி என்றுதான் அது கணக்குப் பார்க்கும்.

உடல் எடையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். எடை குறைக்கும் வழி என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். சோற்றை விடு என்கிறார் ஒருவர், ராத்திரிச் சாப்பாட்டை விடு என்கிறார் இன்னொருவர், பேலியோ, கீட்டோ, விரதம் என்று வாட்ஸ்அப்பில் வராத வைத்தியம் இல்லை. நான் இன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப்போகிறேன். தட்டில் கை வைப்பதற்கு முன்னால் டம்ளரில் கை வையுங்கள். குடிக்கிற சர்க்கரையைக் குறைப்பது, எடை குறைப்பதிலேயே வலி குறைந்த வழி. ஏன் அப்படி என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

ஜெல்லி மிட்டாய் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் அதை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2000ஆம் ஆண்டு வெளியானது. 15 பேர். நான்கு வாரம் அவர்கள் தினமும் 450 கலோரிக்கு ஜெல்லி மிட்டாய் சாப்பிட வேண்டும். இடையில் ஓய்வு. இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரியை இனிப்புச் சோடாவாகக் குடிக்க வேண்டும். மற்ற சாப்பாடு அவரவர் இஷ்டம். மிட்டாய் தின்ற நாட்களில் அவர்கள் தாங்களாகவே மற்ற சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, வயிறே கணக்கை நேர் செய்துகொண்டது. சோடா குடித்த நாட்களில் அது நடக்கவில்லை. வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டார்கள், அதற்கு மேல் சோடாவும் போனது. எடை ஏறியது.

15 பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் நம் அனுபவமும் அதுதானே? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நான்கு இட்லி தின்றால் சோறு இறங்காது. அதே அளவு கலோரியைக் கரும்புச் சாறாகக் குடித்துவிட்டு வந்தால், ‘பசிக்குது, போடு’ என்றுதான் உட்காருகிறோம். மெல்லாமல், நேரம் எடுக்காமல் உள்ளே இறங்குவதை வயிறு சாப்பாடு என்று பதிவு செய்வதில்லை. ஆகவே அதை எடுத்துவிட்டாலும் வயிறு தேடாது. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்தால் சாயங்காலம் பசி வந்து கேள்வி கேட்கும். டம்ளரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்தால் நாக்கு கொஞ்ச நாள் முணுமுணுக்கும், அவ்வளவுதான். நாக்கைச் சமாளிக்கலாம், பசியைச் சமாளிப்பது பெரும் பாடு.

இன்னும் உறுதியான சோதனை ஒன்று ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. 5 வயதிலிருந்து 11 வயது வரையிலான 641 பள்ளிப் பிள்ளைகள். பாதிப் பேருக்குத் தினமும் 250 மில்லி சர்க்கரைப் பானம், அதில் சுமார் 100 கலோரி. மீதிப் பேருக்கு அதே ருசியில் சர்க்கரை இல்லாத பானம். யாருக்கு எது என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. 18 மாதம் ஓடியது. வளரும் பிள்ளைகள், எல்லோருக்கும் எடை கூடத்தான் செய்யும். சர்க்கரை குடித்தவர்களுக்குச் சராசரியாக 7.37 கிலோ கூடியது, குடிக்காதவர்களுக்கு 6.35 கிலோ. ஒன்றரை வருடத்தில் ஒரு சின்னப் பாட்டில் செய்த வேலை, ஒரு பிள்ளைக்கு ஒரு கிலோ. 2012இல் இது வெளியான பிறகு, ‘சோடா குடிக்கிறவன் மற்றதையும் கண்டபடி சாப்பிடுகிறான், அதனால்தான் குண்டாகிறான்’ என்று சொல்லித் தப்பிப்பது கம்பெனிகளுக்குக் கஷ்டமாகிவிட்டது.

சரி, இதெல்லாம் சீமைக் கதை, நாங்கள் சோடாவே குடிப்பதில்லை என்று உங்களில் பாதிப் பேர் நினைப்பது முகத்தில் தெரிகிறது. எனக்கும் நம் ஊரில் பாட்டில் முதல் குற்றவாளி இல்லை என்றுதான் தோன்றுகிறது. ‘கலர்’ என்பது நம் அம்மா அப்பா காலத்தில் விருந்தாளி வந்தால் பெட்டிக்கடைக்கு ஓடி வாங்கி வந்த பொருள். இன்றைக்கு அது பிரியாணிக்குத் துணையாகிவிட்டது, அது வேறு கவலை. ஆனாலும் பெரும்பாலோர் அதைத் தினமும் குடிப்பதில்லை. தினமும் குடிப்பது வேறு.

என்னிடம் எடை குறைக்க வருகிற அம்மாக்களிடம் நடக்கிற பேச்சு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்.

“என்னம்மா சாப்பிடுறீங்க ஒரு நாளைக்கு?”

“காலையில ரெண்டு இட்லி டாக்டர். மத்தியானம் கொஞ்சம் சோறு. ராத்திரி ரெண்டு சப்பாத்தி. இவ்வளவுதான். தண்ணி குடிச்சாலே எனக்கு வெயிட் போடுது.”

“காபி, டீ?”

“அது எல்லாரும் குடிக்கிறதுதானே டாக்டர். காலையில எந்திரிச்சதும் ஒரு காபி. வேலையெல்லாம் முடிச்சு பதினோரு மணிக்கு ஒண்ணு. சாயங்காலம் டீ. அவர் வந்ததும் அவர்கூட கொஞ்சம்.”

“பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீங்க?”

“பூஸ்ட்டு. முழுசாக் குடிக்க மாட்டான். மிச்சத்தைக் கீழ கொட்டவா முடியும்?”

நான்கு டம்ளர், ஒரு மிச்சம். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 10 கிராம். நான்குக்கு 40 கிராம், 160 கலோரி. இது சர்க்கரைக்கு மட்டும், பால் கணக்கு தனி. சாப்பிட்டதைச் சொல்லச் சொன்னால் இது பட்டியலிலேயே வராது. பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. வயிறு கணக்கில் வைக்காததை வாயும் சொல்வதில்லை.

டீக்கடைக்கு வாருங்கள். மாஸ்டர் வேலையை நின்று கவனித்திருக்கிறீர்களா? ஏழெட்டு கிளாஸை வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சர்க்கரை, கை பழகிய வேகத்தில், யாரையும் கேட்காமல் விழும். பிறகு பால், டிகாக்‌ஷன், ஒரு ஆற்று ஆற்றி நுரையோடு நீட்டுவார். ‘அண்ணே, சர்க்கரை கம்மி’ என்று நாம் சொல்லும்போது சர்க்கரை போட்டு முடித்திருப்பார். சிலர் கடைசி வாய்க்கு முன்னால் கிளாஸைச் சுழற்றுவார்கள், அடியில் கரையாமல் கிடப்பதும் வீணாகக் கூடாதாம்.

அந்தக் கிளாஸில் 100 மில்லி அளவுக்கு டீ. அதில் சுமார் 10 கிராம் சர்க்கரை. இப்போது ஒரு கோலா பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் என்றுதான் இருக்கும். கோலாவைப் பார்த்து முகம் சுளிக்கிற பெரியவர், அதே அடர்த்தியில் சர்க்கரை கரைந்த பானத்தைத் தினம் ஐந்து வேளை குடித்துக்கொண்டிருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கும் சர்க்கரை மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 5 சதவீதம் என்பது ஒரு நாளைக்கு 25 கிராம், ஐந்து ஸ்பூன். மூன்றாவது டீயிலேயே நம் ஆள் அதைத் தாண்டிவிட்டார். பாயசம், கேசரி, பிஸ்கட் எதையும் நான் இன்னும் தொடவே இல்லை.

சர்க்கரை இல்லாத டீக்கு நம் கடைகளில் ‘வித்தவுட்’ என்று பெயர். ‘மாஸ்டர், ஒரு வித்தவுட்’ என்று குரல் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்த்து, “சுகரா உங்களுக்கு? எத்தனை வருஷமா?” என்பார். நீரிழிவு வந்தவர் மட்டுமே குறைக்க வேண்டியது சர்க்கரை என்று ஊரே முடிவு செய்திருக்கிறது. வந்த பிறகு குறைப்பது சிகிச்சை. வருவதற்கு முன் குறைத்தால்தான் லாபம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக (ஐசிஎம்ஆர்) சென்னையிலிருந்தே வழிநடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகவும் 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. அந்த 13 கோடிப் பேரில் பலர் இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டுத்தான் குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் ‘வித்தவுட்’ கேட்கச் சொல்லவில்லை.

இனி எவ்வளவு குறையும் என்ற கேள்வி. இங்கேதான் எடைக் குறைப்பு வியாபாரிகள் காதில் பூ சுற்றுவார்கள். ஒரு கிலோ கொழுப்பில் 7,700 கலோரி, தினம் 160 கலோரி குறைத்தால் வருடத்துக்கு ஏழரை கிலோ என்று பெருக்கிக் காட்டுவார்கள். உடம்பு அப்படிப் பெருக்கல் வாய்ப்பாட்டில் இயங்குவதில்லை. எடை குறையக் குறைய உடம்பு செலவழிப்பதும் குறையும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2011இல் இதைக் கணித மாதிரியாக வகுத்தது. நம் கணக்கில் சொன்னால், தினசரி 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி முதல் வருடத்தில் போகும், ஏறக்குறைய முழுவதும் போக மூன்று வருடம் பிடிக்கும்.

நான்கு டீயில் இரண்டு ஸ்பூனை ஒரு ஸ்பூனாக்கினால் 80 கலோரி. மூன்று வருடத்தில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். “இவ்வளவுதானா?” என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. இவ்வளவுதான். பசி இல்லாமல், செலவு இல்லாமல், யாருக்கும் தெரியாமல் போகிற மூன்று கிலோ. வழக்கமாக நாற்பது வயதில் அந்த மூன்று வருடத்தில் எடை ஏறத்தான் செய்யும், இறங்காது. பாட்டில், ஜூஸ், பிள்ளையின் மிச்சம் எல்லாம் சேர்த்து நிறுத்துகிறவருக்கு இதைவிடக் கூடுதலாகவே குறையும். அமெரிக்காவில் 810 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தினம் ஒரு இனிப்புப் பானத்தைக் குறைத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அரை கிலோ, ஒன்றரை வருடத்தில் அதற்குச் சற்று மேல் குறைந்திருந்தது. சின்ன எண்தான், உண்மையான எண்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பாஸ்டனில் 224 வளரிளம் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு வருடம் தண்ணீரும் சர்க்கரையில்லாப் பானமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வருட முடிவில் எடையில் வித்தியாசம் தெரிந்தது. கொடுப்பதை நிறுத்திய அடுத்த வருடத்தில் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. ஆடி மாதம் விரதம் இருந்து ஆவணியில் பழையபடி ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வது எதுவும் உதவாது.

நம் மக்கள் கெட்டிக்காரர்கள். சர்க்கரையை விடச் சொன்னால் நாட்டுச் சர்க்கரைக்குப் போய்விடுகிறார்கள். கருப்பட்டிக் காபிக் கடை தெருவுக்குத் தெரு முளைத்திருக்கிறது. கருப்பட்டியில் ருசி உண்டு, கொஞ்சம் தாது உப்பு உண்டு, பனையேறிக்கு வருமானம் உண்டு. அதற்காக அதைக் குடிக்கலாம், எடை குறைக்கக் குடிக்காதீர்கள். கலோரிக் கணக்கில் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தேனும் அப்படியே. காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்று ஒரு நம்பிக்கை. வெந்நீர் நல்லது, தேனை விட்டுவிடுங்கள்.

பழ ஜூஸைத் தொட்டால் சண்டைக்கு வருவார்கள். பழம் நல்லது என்பதில் தகராறு இல்லை. ஆனால் நான்கு சாத்துக்குடியை உரித்துத் தின்ன உங்களுக்குப் பொறுமை இருக்குமா? நான்கையும் பிழிந்து ஒரு கிளாஸாகக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் காலி. நார் சக்கையோடு போய்விட்டது, சர்க்கரை கிளாஸுக்கு வந்துவிட்டது. போதாததற்குக் கடைக்காரர் ஒரு கரண்டிப் பாகு ஊற்றுகிறார். ரோஸ் மில்க், சர்பத், மதுரை ஜிகர்தண்டா இவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மதுரைக்குப் போனால் குடியுங்கள். மதுரையிலேயே குடியிருப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். இளநீரில் சர்க்கரை குறைவு, உப்புப் போட்ட நீர் மோரில் சர்க்கரை சேர்ப்பதே இல்லை. வெயில் காலத்துக்கு மோரை மிஞ்சின பானத்தை எந்தக் கம்பெனியும் இன்னும் விற்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பொடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஹெல்த் டிரிங்க்’ என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், ஆன்லைன் கடைகள் அந்தத் தலைப்பில் இவற்றை விற்கக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை சர்க்கரை. அதைப் பாலில் கலக்கி, ‘இனிப்பு பத்தலை’ என்று இன்னும் ஒரு ஸ்பூன் போடுகிறோம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் கரைசலின் பெயரைப் போட்டு மருந்துக்கடையில் விற்ற பானங்களின் கதை இன்னும் மோசம். உண்மையான ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதற்குப் பல மடங்கு சர்க்கரையோடு அதே மூன்றெழுத்தில் விற்றார்கள். 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயருக்குத் தடை வந்தது.

டயட் கோலா குடிக்கலாமா என்று எப்படியும் கேட்பீர்கள். ஆம்ஸ்டர்டாமில் சர்க்கரை இல்லாத பானம் குடித்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது செயற்கை இனிப்புதான், அது சர்க்கரையைவிட மேல். ஆனால் எடைக் கட்டுப்பாட்டுக்காக இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது. என் அபிப்பிராயம்: தினம் இரண்டு பாட்டில் குடிக்கிறவருக்கு இது ஒரு இறங்குபடி. குடிக்காதவர் புதிதாக ஆரம்பிக்க ஒரு காரணமும் இல்லை.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது, விற்பனை குறைந்தது. பிரிட்டன் இன்னும் சாமர்த்தியமாக, சர்க்கரை அளவைப் பொறுத்து வரியை 2018இல் வைத்தது. வரிக்குப் பயந்து கம்பெனிகள் முன்கூட்டியே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. நம் நாட்டில் குளிர்பானத்துக்கு 40 சதவீத வரி இருக்கிறது, ஆனால் சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வரி. குறைக்கிற கம்பெனிக்கு அதில் என்ன ஆதாயம்?

வீட்டில் செய்வதற்கு வருகிறேன். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், மூன்றாம் நாள் திரும்பப் போட்டுக்கொள்வீர்கள். இரண்டு ஸ்பூனை ஒன்றரை ஆக்குங்கள். இரண்டு வாரம் போகட்டும், நாக்கு பழகிவிடும். பிறகு ஒன்று, பிறகு அரை. அரை ஸ்பூனுக்கு வந்தவருக்குப் பழைய டீயைக் கொடுத்தால் பாயசம் மாதிரி இருக்கிறது என்று கீழே வைத்துவிடுவார். டிகாக்‌ஷன் நன்றாக இறங்கியிருந்தால் காபிக்குச் சர்க்கரை அதிகம் தேவைப்படாது, மட்டமான தூளைத்தான் சர்க்கரை போட்டு மறைக்க வேண்டும். டீக்கடையில் மாஸ்டர் கரண்டியை எடுப்பதற்கு முன் வாயைத் திறங்கள். எடை மெஷினை மட்டும் நம்பாமல் இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள், நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எல்லை.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் குறைப்பதற்கு முன் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரலாம். அவர்களுக்குத் திடீரென்று வேர்த்து மயக்கம் வந்தால் அந்த நேரத்தில் சர்க்கரைத் தண்ணீர்தான் மருந்து. அப்போது என் பேச்சை நினைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஊரில் தனியாளாகச் சர்க்கரையைக் குறைப்பது கஷ்டம். போகிற வீட்டிலெல்லாம் டம்ளரை நீட்டுவார்கள், வேண்டாம் என்றால் மனசு கோணும். வீடு வீடாகப் போகிற எல்ஐசி ஏஜென்ட்டும் கட்சிக்காரரும் பாவம், அவர்கள் மறுக்கவே முடியாது. ஆகவே கொடுக்கிற பக்கம் மாற வேண்டும். அலுவலகக் கூட்டம், சங்கக் கூட்டம், பெண் பார்க்கும் வைபவம் எதுவானாலும் டீயையும் காபியையும் சர்க்கரை போடாமல் கொண்டுவாருங்கள். சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் ஸ்பூனோடு வையுங்கள். வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளட்டும். இந்த நூலகத்தாரிடம் கேட்டேன், உடனே ஒப்புக்கொண்டார்கள். வெளியே டீ தயாராக இருக்கிறது, கிண்ணம் மேசையின் அந்தக் கோடியில் இருக்கிறது.